படுவான்கரையிலிருந்து மாகாண சபைக்கு: கட்சியா, சுயேச்சையா, வட்டாரமா?

சிறுபோக வெட்டு முடிந்து, நெல்லை விற்றும் விற்காமலும் ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு பின்னேரம், மருமகன் ஒரு சீஆர் கொப்பியோடு வந்தான். அக்காவின் மூத்தவன். மாகாணப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர், எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பின் செயலாளர், வயது 36. கொப்பியில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தான்: மண்டூர், பாலையடிவட்டை, வெல்லாவெளி, பழுகாமம், விவேகானந்தபுரம், காக்காச்சிவட்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்: 4,350.

"இவ்வளவும் எனக்கு விழும் மாமா. மாகாண சபைக்குக் கேட்கலாமெண்டு யோசிக்கிறன்."

எங்கள் பக்கத்தில் யாரும் தேர்தலில் நிற்பதில்லை, கேட்பார்கள். "அவர் போனமுறை கேட்டவர்" என்றால் தோற்றவர் என்று அர்த்தம். வென்றவரை மெம்பர் என்பார்கள்.

நான் அரசியல்வாதி இல்லை. 2012இல் ஒரு வேட்பாளருக்காக ஊர் ஊராகத் திரிந்து, வாக்கெண்ணும் இடத்தில் முகவராக விடிய விடியக் குந்தியிருந்தவன், அவ்வளவுதான். ஒரு கட்சி மருமகனைப் பிரதேச அமைப்பாளராக வரும்படி கேட்டிருந்தது. நண்பர்கள் சிலர் சுயேச்சையாகக் கேட்போம் என்றார்கள். அக்காவோ, முதலில் பிரதேச சபையைப் பார், பிறகு பெரிய இடத்துக்குப் போகலாம் என்றார். மூன்று நாலு பின்னேரமாக நாங்கள் இருந்து பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலோ, அம்பாறையில் திருக்கோவில், நாவிதன்வெளி பக்கத்திலோ இதே யோசனையில் ஒருவர் இருந்தால் உதவும்.

முதலில், கேட்கப் போகிற கதிரை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8இல். அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. சபை முடிய பத்து நாள் இருக்கையில் பாராளுமன்றம் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. பெண்களுக்கு இடம் ஒதுக்கவென்று வந்த சட்டமூலம், குழுநிலையில் உருமாறி, பாதிப்பேர் தொகுதி வழியாகவும் பாதிப்பேர் விகிதாசாரப்படியும் வருகிற கலப்பு முறையாக வெளியே வந்தது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்களித்தார். மாவட்டத்தை ஒன்றாக எண்ணுகிற பழைய முறை சட்டத்தில் இல்லாமல் போயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. பழையபடியே நடத்துவோம் என்று தனிநபர் சட்டமூலங்களும் வந்தன. எந்த முறை என்பதுதான் முடிச்சு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மருமகனின் 4,350 என்ன பெறும் என்பது அந்த முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதைப் பொறுத்தது. மாவட்டம் முழுவதையும் ஒன்றாக எண்ணினால் அது ஒன்றுக்கும் காணாது. எங்கள் ஊர்கள் இருக்கிற போரதீவுப்பற்றை ஒரு தொகுதிக்குள் வைத்து எண்ணினால் அதோடு ஒருவர் வென்றாலும் வெல்லலாம். கட்சியா சுயேச்சையா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் வரவேண்டும். நடைமுறையில் எல்லோரும் மாறித்தான் செய்கிறோம்.

கட்சிப் பட்டியல்

பழைய முறையை வைத்துப் பார்ப்போம். கிழக்கு மாகாண சபையில் 37 பேர். மட்டக்களப்பு 11, அம்பாறை 14, திருகோணமலை 10, மாகாணத்தில் கூடிய வாக்கெடுத்த கட்சிக்கு போனஸ் 2. பட்டியலில் ஆசனத்தை விட மூன்று பேர் கூட. ஆகவே மட்டக்களப்பில் ஒரு பட்டியலுக்கு 14 பெயர். வாக்காளர் முதலில் சின்னத்துக்குப் புள்ளடி போடுவார், மறுகா தனக்குப் பிடித்த மூன்று பேரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடலாம்.

2012இல் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சிக்கு ஒரு இலட்சத்து நாலாயிரம் வாக்குக்கு மேல் விழுந்து 11இல் 6 கிடைத்தது. எல்லோரும் மூன்று விருப்பையும் போட்டிருந்தால் மூன்று இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கு. 14 பேருக்குச் சமமாகப் பங்கிட்டாலே தலைக்கு 22,000. மூன்றையும் எல்லோரும் போடுவதில்லை என்பது சரி. அப்படிப் பாதியாக்கினாலும் 4,350 எங்கே, அது எங்கே?

இங்கேதான் படுவான்கரையின் பிரச்சினை. வாவிக்கு மேற்கே நிலம் அகலம், சனம் ஐது. கிழக்கே எழுவான்கரையில் நிலம் ஒடுக்கம், ஊருக்குப் பக்கத்தில் ஊர். களுதாவளையில் ஒரு பின்னேரம் நடந்து கேட்கிற வாக்கை எங்கள் பக்கத்தில் கேட்க நாலு நாள் வேண்டும், ஓட்டோவுக்கு எண்ணெய் வேண்டும், மாலையானால் யானைக்குப் பயந்து திரும்ப வேண்டும். அதனால் கட்சிகள் 'படுவானுக்கு ஒருத்தர்' என்று பட்டியலில் போடுவார்கள். அந்த ஒருவர் சேர்க்கிற வாக்கு சின்னத்துக்குப் போகும், சின்னத்தின் ஆசனம் எழுவான்கரை வேட்பாளருக்குப் போகும். பட்டியலில் 14 பேர் என்றாலும் வெல்லக்கூடியவர் ஐந்தாறு பேர். மிச்சப்பேர் வாக்குச் சேர்க்கிற ஆட்கள். இது யாரும் யாருக்கும் செய்த சதியில்லை. மாவட்டத்தை ஒரே பெட்டியாக எண்ணினால் இப்படித்தான் வரும்.

அந்த 2012 இரவை இன்னும் மறக்கவில்லை. எங்கள் வேட்பாளர் கேட்ட கட்சியின் பெயர் வேண்டாம். அதே பட்டியலில் இருந்த எழுவான்கரைக்காரர் இருவர் வந்து தேத்தண்ணி குடித்து, மூவர் கூட்டு என்று பேசிப் போனார்கள். எங்கள் ஊரில் நாங்கள் அவர்களின் இலக்கத்தைச் சொல்லவேண்டும், அவர்களின் ஊரில் அவர்கள் எங்கள் இலக்கத்தைச் சொல்வார்கள். நாங்கள் மூன்று இலக்கமும் அடித்த துண்டுப்பிரசுரத்தை வீடு வீடாகக் கொடுத்தோம். அம்மம்மாக்களுக்கு மாதிரி வாக்குச்சீட்டு வைத்துப் பழக்கினோம். கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கே செல்லாது என்பதை ஒரு கிழவிக்கு ஐந்து தரம் சொன்னேன். விருப்பு வாக்கு எண்ணத் தொடங்கவே நடுச்சாமம் தாண்டிவிட்டது. அவர்கள் பக்கத்துப் பெட்டிகளை எண்ணிய மண்டபத்தில், சீட்டைத் தொடாமல் தள்ளி நின்று பார்க்கத்தான் முகவருக்கு அனுமதி. பார்த்தேன். சீட்டுக்குச் சீட்டு இரண்டே புள்ளடி, அவர்கள் இருவரின் இலக்கத்தில். எங்கள் பெட்டிகளில் மூன்றும் ஒழுங்காக விழுந்திருந்தது. படிப்பித்ததை எங்கள் சனம் அச்சொட்டாகச் செய்திருந்தார்கள், அதுதான் வயிறெரிச்சல்.

அதற்காகக் கட்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சின்னம் என்பது லேசான விஷயமில்லை. எங்கள் அம்மா கடைசிவரை பெயர் வாசித்து வாக்குப் போட்டதில்லை, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தைத் தேடுவார், புள்ளடி போடுவார், வருவார். வாக்குச் சாவடிக்கு முகவர், எண்ணும் இடத்துக்கு முகவர், பிரச்சினை வந்தால் சட்டத்தரணி, இதெல்லாம் கட்சிக்குப் பழகிய வேலை. 2012இல் மாகாணம் முழுக்க முதலாம் இரண்டாம் இடங்களுக்கு இடையில் சுமார் 6,000 வாக்குத்தான் வித்தியாசம். அந்த 6,000 கொண்டுவந்தது இரண்டு போனஸ் ஆசனம். அப்படி ஒரு கணக்கில் சேரக் கட்சிக்குத்தான் முடியும்.

சுயேச்சை

மருமகனின் நண்பர்களுக்கு இதுதான் விருப்பம். யாரிடமும் கைகட்டத் தேவையில்லை, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து யாரும் பெயரை வெட்டமாட்டார்கள். சரி, ஆனால் சுயேச்சைக் குழு என்றால் தனி ஆள் இல்லை. பழைய முறையில் அவர்களுக்கும் 14 பெயர் வேண்டும். வாகரையில் யாரைத் தெரியும்? வாழைச்சேனையில்? கொப்பியை எடுத்து 14 பேரை எழுதச் சொன்னேன். ஒன்பதாவது பெயரில் நின்றுவிட்டான். அந்த ஒன்பதில் இரண்டு பேர் மச்சான்மார்.

கட்டுப்பணமும் சுயேச்சைக்குத்தான் கூடச் சுடும். உள்ளூராட்சித் தேர்தலில் கட்சி வேட்பாளருக்குத் தலைக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000. பாராளுமன்றத்துக்கு என்றால் கட்சிக்குக் கட்டுப்பணமே இல்லை, சுயேச்சைக்குத் தலைக்கு 2,000. காசை விடப் பெரிய செலவு சந்தேகம். சுயேச்சை என்றதும் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "ஆர் காசு குடுத்து இறக்கினது?" 2024 பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு வாக்குச்சீட்டில் சுயேச்சைக் குழுக்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் ஆசனம் எடுக்கவில்லை. அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஒரு சுயேச்சைக் குழு வென்றது உண்மை. அதன் தலைவர் இராமநாதன் அர்ச்சுனா தேர்தலுக்கு முன்பே முகநூல் நேரலையால் மாவட்டம் முழுக்க அறியப்பட்ட வைத்தியர். கமக்காரர் அமைப்புச் செயலாளரை வெல்லாவெளியில் தெரியும், வாகரையில் தெரியாது.

அம்பாறையில் தமிழர் ஒருவர் சுயேச்சையாகவோ இரண்டாவது தமிழ்ப் பட்டியலாகவோ யோசிக்கிறார் என்றால், தயவுசெய்து 2020 பாராளுமன்றத் தேர்தல் கணக்கை ஒருமுறை பாருங்கள். கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் தலைமையில் கேட்ட பட்டியலுக்கு 29,000க்கு மேல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 25,000க்கு மேல். இரண்டுக்கும் ஆசனம் இல்லை. 38,000 சொச்சம் எடுத்த தேசிய காங்கிரசுக்கு ஓர் ஆசனம். இரண்டையும் கூட்டினால் 54,000. தெரிவாகி வந்த ஏழு பேரில் ஒரு தமிழரும் இல்லை, பிறகு தேசியப் பட்டியலில்தான் ஒருவரை அனுப்பவேண்டி வந்தது. ஆலையடிவேம்பில் இருக்கிற என் சிநேகிதர் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவார்.

ஆனால் அதே அம்பாறையில்தான் சுயேச்சை எப்படி வெல்லும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் சாய்ந்தமருது, தங்களுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு, பள்ளிவாசல் முன்னின்று சுயேச்சைக் குழு இறக்கியது. சின்னம் தோடம்பழம். பெரிய கட்சிகளையெல்லாம் ஓரத்தில் வைத்து ஊர் முழுவதும் தோடம்பழத்துக்குப் போட்டது. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஊர் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் குழு வந்தது, குழு வந்து ஊரைச் சேர்க்கவில்லை. அடுத்தது, அங்கே எண்ணியது சபையைச் சின்னச் சின்னத் தொகுதியாகப் பிரித்த வட்டாரம் வட்டாரமாக.

எங்கள் பக்கத்தில் அப்படிச் சேருமா? கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மார் ஒரு முடிவுக்கு வரவேண்டும், கமக்காரர் அமைப்புகள் வரவேண்டும், விளையாட்டுக் கழகங்கள் வரவேண்டும். தாய்வழியாக வருகிற குடியைப் பார்க்கமாட்டோம் என்று எல்லோரும் மேடையில் சொல்வார்கள், படலையடியில் "தம்பி எந்தக் குடி?" என்றுதான் கேட்பார்கள். மருமகன் சிரித்தான். அவனுக்கும் தெரியும், அந்த 4,350இல் ஒரு பங்கு தாய்வழிக் கணக்கு.

வட்டாரம்

அக்காவின் யோசனை சின்ன யோசனை மாதிரித் தெரிந்தாலும் கணக்கில் அதுதான் எங்களுக்கு நெருக்கம். பிரதேச சபையில் 60 வீதம் பேர் வட்டாரத்தில் வென்று வருவார்கள், 40 வீதம் பேர் பட்டியலில் வருவார்கள். விருப்பு வாக்கு இல்லை, ஒரே புள்ளடி. கிராமத்து வட்டாரத்தில் சில நூறு வாக்கில் முடிவு தெரிந்துவிடும். எழுவான்கரை வந்து அமுக்காது. மூவர் கூட்டு நாடகமும் இல்லை.

ஆனால் இரண்டு பொறி இருக்கிறது. வட்டாரம் தராமல், "உங்களை மேலதிகப் பட்டியலில் போடுறம், கட்டாயம் எடுப்பம்" என்று ஆண் ஒருவருக்குச் சொன்னால் அப்படியே வீட்டுக்குப் போவது நல்லது. சபையில் 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும். வட்டாரங்களில் பெண்கள் வெல்வது குறைவு என்பதால் அந்தக் குறையைப் பட்டியலில்தான் நிரப்புவார்கள். பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பதும் சட்டம். ஆணுக்கு மிஞ்சுவது கொஞ்சம், அதற்கும் கட்சிச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். இளைஞர் ஒதுக்கீடு வேறு இருக்கிறது, அது 35 வயதோடு முடிந்துவிடும். எங்கள் ஆள் ஒரு வருடம் பிந்திவிட்டான். 2025இல் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியில்லை என்று எத்தனையோ வேட்புமனு நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் ஏறி இறங்கித்தான் சிலது மீண்டது. வேட்புமனு நாளில் தோற்பவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

மற்றது காலம். உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6இல் நடந்து முடிந்துவிட்டது. சபைக்கு நாலு வருடம். ஆகவே வட்டாரம் என்றால் 2029.

அரச வேலையில் இருப்பவர் காலத்தை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். 2023 ஜனவரியில் உள்ளூராட்சிக்கு வேட்புமனு எடுத்தார்கள், மார்ச் 9 தேர்தல் என்றார்கள், பிறகு ஏப்ரல் என்றார்கள், அதற்குப் பிறகு திகதியே இல்லை. வேட்புமனுவில் பெயர் இருந்த அரச உத்தியோகத்தர்கள் சம்பளமற்ற விடுமுறையில் வீட்டில் இருந்தார்கள். தேர்தலும் இல்லை, வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மாதங்களில் மீன் ஏலத்துக்குப் போய் வந்தார். முடிவில் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அந்த வேட்புமனுக்களையே இரத்துச் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். மருமகனுக்கு வங்கிக் கடன் இருக்கிறது, ஒரு பிள்ளை தரம் ஐந்து. இந்தக் கதையைச் சொன்னபோதுதான் முதல்தடவையாகக் கொப்பியை மூடி மடியில் வைத்தான்.

கதிரை கிடைத்தால் என்ன கிடைக்கும்?

இதை முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். நாங்களும் மூன்றாம் நாள்தான் கேட்டோம். அவன் ஏன் கேட்க நினைக்கிறான் என்றதற்கு மூன்று காரணம் சொன்னான்: யானை, நவகிரிக் குளத்துத் தண்ணீர், மாரியில் முழங்கால் அளவு சேறாகிற கிறவல் வீதி.

யானை வனசீவராசிகள் திணைக்களத்தின் பாடு, அது மத்திய அரசு. பெரிய குளங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து வீதியில் இருந்தார்களே, அந்த நிலத்தின் சாவியும் மாகாணத்தில் இல்லை, மகாவலி அதிகாரசபையிடம். மாகாணத்தின் கையில் இருப்பது மாகாணப் பாடசாலைகள், கிராமத்து வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், கால்நடை வைத்தியம் போன்றவை. குறைவான விஷயமில்லை, அவனுடைய சொந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லாததற்குப் பதில் சொல்லவேண்டிய இடம் அதுதான். ஆனால் 37 பேரில் முதலமைச்சரோடு அமைச்சர் நால்வர், மொத்தம் ஐந்து பேருக்குத்தான் நிறைவேற்று அதிகாரம். மற்ற 32 பேர் கேள்வி கேட்கலாம், பிரேரணை கொண்டுவரலாம், கடிதம் எழுதலாம். அவன் சொன்ன கிறவல் வீதி பிரதேச சபையின் வீதி. தெருவிளக்கு, சந்தை, மயானம், குப்பை எல்லாம் பிரதேச சபை. அவனுடைய மூன்று காரணத்தில் ஒன்றுக்குத்தான் கதிரை இருக்கிறது, அதுவும் அவன் கேட்க நினைத்த கதிரை இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். பெரிய குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாவது போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில். தலைமை அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ. அங்கே வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்பும் பேசுகிற பேச்சுக்கு இடம் உண்டு. தண்ணீர் விஷயத்தில் ஒரு மாகாண உறுப்பினரை விட அமைப்புச் செயலாளருக்கு அந்த மண்டபத்தில் சொல்ல வேலை அதிகம். அவனுக்கு இது புதிதில்லை, போன மாரிக்கு முந்திய கூட்டத்தில் கடைமடைக்காரருக்காக அரைமணி நேரம் சண்டை பிடித்தவனே அவன்தான். ஒரு கட்சியின் அமைப்பாளர் என்று போர்டு மாட்டிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அந்தச் சண்டையைக் கட்சிச் சண்டையாகத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே என் முடிவை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அமைப்பாளர் பதவியை இப்போது எடுக்காதே. திகதி இல்லாத தேர்தலுக்கு முன்பணம் கட்டுகிற வேலை அது. தேர்தல் வந்து, அது பழைய முறை என்றால் சுயேச்சையைப் பற்றிப் பேசவே வேண்டாம், கட்சிதான். ஆனால் ஒரேயொரு நிபந்தனை: பட்டியலில் படுவான்கரைக்கு ஓர் ஆள் மட்டும். கொக்கட்டிச்சோலையில் ஒருவர், வெல்லாவெளியில் ஒருவர், வவுணதீவில் ஒருவர் என்று மூன்று பேரைப் போட்டால் மூன்று பேரும் வாக்குச் சேர்க்கிற ஆட்கள்தான், அன்றே எழும்பி வந்துவிடு. மூவர் கூட்டு வாக்குறுதிகளைத் தேத்தண்ணியோடு கழுவிவிடு. புதிய முறை என்றால் கட்சி வாசலுக்குப் போகமுன் வரைபடத்தைப் பார். தொகுதி எல்லை வாவியோடு நின்றால் நீ பேரம் பேசலாம். ஊர் உண்மையிலேயே ஒன்றுபட்டால் சுயேச்சையும் சரிவரலாம். எல்லை பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடியையும் உள்ளே இழுத்தால் பெயர்தான் புதிய முறை, கணக்கு பழைய கணக்கு. இரண்டும் இழுபட்டால் 2029 வட்டாரம். எதைக் கேட்டாலும் செலவுக்குப் பற்றுச்சீட்டு வைத்துக்கொள். 2023இன் தேர்தல் செலவுச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் தோற்றவரும் கணக்குக் கொடுக்கவேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன், "அப்ப என்ர 4,350?" என்றான்.

இவ்வளவு நேரமும் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி வந்து கொப்பியை வாங்கினாள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருடமாகப் பொருளாளர். எந்த வீட்டில் யார் கடன் எடுத்தது, யார் கட்டியது, யாருடைய மகள் எங்கே போனாள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"விவேகானந்தபுரத்தில இந்த வீட்டுக்கு நாலு வாக்கெண்டு போட்டிருக்கிறீங்க. மூத்தவள் குவைத்தில, இளையவன் கட்டாரில. வெளிநாட்டில இருந்து போட ஏலாதே. மற்றவன் கலியாணம் முடிச்சு வந்தாறுமூலையில, இடாப்பில பேரும் அங்க மாத்தியாச்சு. இங்க ஒண்டுதான்."

பென்சிலை எடுத்து 4ஐ வெட்டி 1 என்று எழுதினாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம் இரண்டு ஊர் முடிந்திருந்தது, 1,150 என்று போட்டிருந்த இடத்தில் 690 வந்திருந்தது. 2017 திருத்தச் சட்டத்தில் மாகாண சபை வேட்புமனுவில் 30 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்று நான் சொன்னது மருமகனுக்காக இல்லை. அவனும் அதை விளங்கிக்கொண்டான் போல, தன் மனைவியை ஒருமுறை பார்த்தான்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "காக்காச்சிவட்டைப் பக்கம் எனக்கு வடிவாத் தெரியாது மாமா" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் அங்கதான். கொப்பியக் கொண்டுபோறன்."